ஐந்தாம் வரிசையில் ஒரு கொசுக்கடி

படாளம்
14.7.2024, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. ஜோயல் மாமாவுக்குக்கூடக் காட்டாதே. படித்தவுடன் கிழித்து அடுப்பில் போட்டுவிடு. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

நீயும் மாமாவும் சுகமாக இருப்பதாக எழுதியதைப் படித்து நிம்மதி. இங்கே அம்மாவும் நானும் சுகம். அம்மாவுக்குச் சோறுதான் சரியாக இறங்குவதில்லை. வெயில் என்கிறாள்.

உன் கடிதத்தை ஜெனிட்டா வகுப்பில் வரலாற்றுப் புத்தகத்துக்குள் வைத்துக் கொடுத்தாள். கையெழுத்து உன்னுடையது. பள்ளிக் கழிப்பறையில் நின்று படித்தேன். இனியும் அவள் வீட்டு விலாசத்துக்கே எழுது. அனுப்புநர் என்ற இடத்தில் எதுவும் போடாதே. போன் வேண்டாம். நீ போன அன்றைக்கே வாசு அண்ணன் அம்மாவின் போனை வாங்கித் தன் பெட்டியில் பூட்டிவிட்டான். ஜெனிட்டாவின் அப்பாவும், "கடுதாசி வந்தா வரட்டும். போன் மட்டும் வாணாம். நம்பரப் பாத்துட்டானுங்கன்னா நம்ம தெருவையே கொளுத்திடுவானுங்க" என்று சொல்லிவிட்டாராம். உன் புது நம்பரை எனக்குக்கூட எழுதாதே. அடித்துக் கேட்டால் நான் சொல்லிவிடுவேன்.

மார்ச்சில் நீ மாமாவோடு போன மூன்றாம் நாள் அண்ணன் உனக்குத் தலை முழுகினான். பெரியப்பா மகன்கள் நாலு பேரும் கூட இருந்தார்கள். உன் படங்கள் இருக்கின்றன என்று போட்டோ ஆல்பத்தை முழுதாக எரித்துவிட்டான். அம்மா இருந்த இரண்டே படங்களும் அதில்தான் இருந்தன. கொடியில் கிடந்த உன் பச்சைச் சுடிதாரையும் எரிக்கக் கேட்டபோது, "அது சின்னவளோடது" என்று அம்மா சொல்லிவிட்டாள். அதனால் இப்போது நான் அதைப் போட்டுக்கொள்கிறேன். தோளில் நிற்கமாட்டேன் என்கிறது.

உன்னை எங்கே பார்த்தாலும் வெட்டுவேன் என்று அண்ணன் சொல்கிறான். முதலில் கோபத்தில் சொன்னான். இப்போது கோபமே இல்லாமல் சொல்கிறான். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

சமையலறையில் பின்கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீ போனது இந்தக் கதவு வழியாகத்தான். இப்போது ராத்திரியில் உள்ளே தாழ்ப்பாளோடு ஓர் உலக்கையும் சாத்தி வைக்கிறார்கள்.

உன் தங்கை,
வேண்டா


மாமல்லபுரம்
28.7.2024

என் கண்ணு வேண்டாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீ பயந்து பயந்து எழுதியிருக்கிறாய். அம்மாவுக்கு மோர் கொடு. வெயில் தணிந்தால் சரியாகிவிடும்.

மாமாவுக்கு ஓட்டல்களில் ஏசி பழுது பார்க்கிற வேலை. எனக்கும் ஒரு வேலை கிடைத்திருக்கிறது என்று எழுதியிருந்தேனே, அது ஒரு படக்கடை. பழைய காலத்து வெளிநாட்டு ஓவியங்களைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் அப்படியே நகல் போட்டு ஓட்டல்களுக்கும் பங்களாக்களுக்கும் விற்கிறார்கள். முதலாளி பெயர் தமிழ்வாணன். மாமாவைவிட இரண்டு வயது பெரியவர், அவ்வளவுதான். ஆனால் பேச்சு எழுபது வயது. இரண்டு மாதம் பிரஷ் கழுவினேன். பிறகு, முகம் வரையக் கற்றுக்கொள்கிறேன் என்று கேட்டேன். "நான் சொல்லித் தர்ற ஆளு இல்லமே. இந்தக் கிழவியக் காப்பி அடி. அவளே சொல்லித் தருவா" என்று ஒரு அச்சுப் படத்தைத் தூக்கிப் போட்டார்.

முந்நூறு வருஷத்துக்கு மேல் பழைய படமாம். வரைந்தவர் பெயர் இருந்த அடிப்பகுதியை யாரோ கத்தரித்துவிட்டார்கள். வெள்ளைத் துணியைத் தலையில் போட்ட ஒரு வயதான அம்மாள். பின்னால் ஒரே இருட்டு. இடப்பக்கமிருந்து மட்டும் வெளிச்சம். நாற்று நட்டுவிட்டுத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அம்மா வருவாளே, அதே பார்வை. அதனால்தானோ என்னவோ, மூன்று வாரம் கண்ணெடுக்காமல் வரைந்தேன். மூக்கோரத்தில் ஒரு மச்சம். அதற்கு மட்டும் மூன்று நாள், மூன்று பூச்சு. முடித்துக் காட்டினால் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்.

"இன்னாமே இது, கிழவிக்குப் புதுசா மச்சம் வச்சுகினு கீற? அது போன வருசம் நான் டீ ஊத்திகின கறை. பாத்து வரையறவன் கறையத் தள்ளிடுவான். காப்பி அடிக்கிறவன் கறையையும் சேத்து அடிப்பான். போ, மறுபடி போடு."

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. பிறகு நானும் சிரித்துவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் அம்மாவின் படம் ஒன்றுகூட இல்லை. ஆல்பமும் போய்விட்டது என்கிறாய். நான் தனியாக ஒரு கேன்வாஸ் தயார் செய்திருக்கிறேன். கிழவி முகத்தைக் கற்றுக்கொண்டால் அதில் அம்மாவைப் போடப் போகிறேன். மனதில் இருக்கிறாள். ஆனால் வரைய உட்கார்ந்தால் வாய் ஒரு நாள் ஒரு மாதிரி வருகிறது. நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இதோடு ஒரு கண்ணாடித் தாள் வைத்திருக்கிறேன். அதில் கட்டம் போட்டிருக்கிறேன். அம்மா தூங்கும்போது கட்டில் விளிம்பில் முழங்கால் முட்ட நின்று, தாளை முகத்துக்கு நேராகப் பிடி. தாளில் ஒரு நூல் கட்டியிருக்கிறேன். அதன் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு நூல் விறைப்பாக நிற்கும்படி பிடி. அப்போதுதான் ஒவ்வொரு முறையும் ஒரே தூரம் இருக்கும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு எந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறதோ அதை எழுது. உனக்குத் தெரிந்ததை எழுதாதே. கண்ணுக்குத் தெரிவதை எழுது.

உன் அக்கா,
விஜி


படாளம்
18.8.2024, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தையும் கிழித்துவிடு. அம்மா நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

மூன்று ராத்திரி முயற்சி செய்தேன். முதல் நாள் நூலைக் கடித்துக்கொண்டிருந்ததில் எச்சில் வழிந்து அம்மாவின் கையில் விழுந்துவிட்டது. எழுந்துவிட்டாள் என்று நினைத்து உயிரே போய்விட்டது. அவள் எழவில்லை. நேற்று ராத்திரிதான் சரியாகப் பார்க்க முடிந்தது. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

முடி தொடங்கும் இடத்திலிருந்து முகவாய் வரை எட்டு வரிசை. ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னம் வரை ஆறு கட்டம். கண்கள் நாலாம் வரிசையில். வலது கண் கொஞ்சம் கீழே, கோட்டில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு கண்ணும் ஒரே மட்டம் என்றுதான் இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். மூக்கு ஆறாம் வரிசையில் முடிகிறது. வாய் ஏழில். இடப்பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. நெற்றியில் மூன்று கோடு. நடுக்கோடு பாதியில் அறுந்துபோகிறது. ஐந்தாம் வரிசையில், இடமிருந்து இரண்டாம் கட்டத்தில், கன்னத்தில் ஒரு கொசுக்கடி. சிவந்து, மிளகு அளவு வீங்கியிருக்கிறது. அதையும் எழுதலாமா என்று தெரியவில்லை. கண்ணுக்குத் தெரிவதை எழுது என்றாயே, எழுதிவிட்டேன்.

அக்கா, நான் பிறந்ததிலிருந்து அம்மாவைப் பார்க்கிறேன். ஆனால் நேற்றுதான் பார்த்தேன் என்று தோன்றுகிறது.

அண்ணன் நேற்று நெல் ஏற்றிக்கொண்டு மதுராந்தகம் போய்விட்டுப் பத்து மணிக்குத்தான் வந்தான். குட்டியானை வண்டியின் சத்தம் கேட்டால் நான் தாளைப் பாய்க்கு அடியில் தள்ளிவிடுவேன். போன வாரம் கேட்டான்: "ராத்திரில இன்னாடி வெளக்கு எரிஞ்சிகினு கீது?" பரீட்சை என்றேன்.

உன்,
வேண்டா


மாமல்லபுரம்
8.9.2024

என் கண்ணு,

நலம். நீ எழுதியதைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். அறுந்துபோகிற அந்த நடுக்கோடு! நான் மறந்தே போயிருந்தேன். நீ கட்டம் கட்டமாகச் சொன்னதை வைத்து அம்மாவை வரைந்துவிட்டேன். வாய் கோணல்கூடச் சரியாக வந்துவிட்டது.

கிழவியை மறுபடி போட்டு முடித்தேன். தமிழ்வாணன் ரொம்ப நேரம் பார்த்தார். "கண்ணு உசுரோட கீது. காது செத்துப் போச்சு" என்றார். அவர் அப்படிச் சொன்னால் பாராட்டு என்று பொருளாம். கூட வேலை செய்கிற சிநேகா சொன்னாள்.

கிழவி எனக்குக் கற்றுக் கொடுத்தது என்ன தெரியுமா? அந்தக் காலத்தில் முகத்தை எடுத்தவுடன் நிறத்தில் போடமாட்டார்கள். முதலில் வெறும் சாம்பலில் முழு முகத்தையும் போட்டு முடிப்பார்கள். ரத்தமே இல்லாத முகம். கடையில் இதைச் செத்த பூச்சு என்கிறார்கள். அது நன்றாகக் காய்ந்த பிறகு, மெல்லிய கண்ணாடி போல ஒவ்வொரு நிறமாக மேலே ஏற்றினால், அடியிலிருந்து உயிர் வருகிறது. அம்மாவுக்கும் இப்போது சாம்பல் பூச்சு முடிந்திருக்கிறது. கடல் காற்றில் காயமாட்டேன் என்கிறது. அறையில் என் பாய்க்கு எதிரே சாய்த்து வைத்திருக்கிறேன். ராத்திரியில் விழித்தால் கொஞ்சம் பயமாக இருக்கிறது. அதனால் நிறத்தைச் சீக்கிரம் ஏற்ற வேண்டும்.

நிறம் பார்த்து எழுது. வண்ணப் பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. வீட்டில் இருக்கிற ஏதாவது பொருளைச் சொல். கன்னம் எது போல, கண்ணுக்குக் கீழே எது போல, உதடு எது போல. அகலத்தையும் இன்னொரு முறை பார்த்துவிடு.

இன்னொன்று. கடிதத்தைக் கிழிக்கச் சொன்னாய். என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன். மாமாவுக்குக்கூடத் தெரியாது.

உன் அக்கா,
விஜி


படாளம்
29.9.2024, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கிழிக்காமல் வைத்திருப்பது எனக்குப் பயமாக இருக்கிறது. இருந்தாலும் வைத்துக்கொள். இங்கே நலம்.

தாமதத்துக்குக் காரணம், செங்கல்பட்டுக்கு மூன்று முறை போக வேண்டியிருந்தது. எல்லம்மாள் அத்தையைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அம்மாவும் நானும் பார்க்கப் போனோம். ஒருநாள் அண்ணனே வண்டியில் கூட்டிப் போனான். வழியெல்லாம் வண்டியை நிறுத்தி நிறுத்தி அம்மாவின் முதுகுக்குத் தலையணையைச் சரிசெய்துகொண்டே வந்தான்.

நிறம் கேட்டாய். நெற்றி புளி கரைத்த தண்ணீர் மாதிரி. கண்ணுக்குக் கீழே கத்தரிக்காய்த் தோல். உதடு காய்ந்த வண்டல் மண். கண்ணின் வெள்ளை, துவரம்பருப்பு வேகும்போது மேலே தெளிந்து நிற்குமே, அந்தத் தண்ணீர். கன்னத்துக்கு எதைச் சொல்வது என்று தெரியவில்லை. கன்னம் இருக்கும் இடத்தில் நிழல்தான் இருக்கிறது. அகலம் ஐந்து கட்டம். நான்கு முறை பார்த்தேன். ஐந்துதான்.

அம்மா இப்போது வேலைக்குப் போவதில்லை. நடவு முடிந்துவிட்டது, அதனால்தான்.

கிழவி படத்தைப் பற்றி எழுது. அதைப் படிக்கும்போது வேறு எங்கோ இருக்கிற மாதிரி இருக்கிறது.

வேண்டா


மாமல்லபுரம்
9.10.2024

வேண்டா,

நாங்கள் நலம். அம்மா நலமா? உண்மையாகக் கேட்கிறேன்.

ஆறு கட்டம் எப்படி ஐந்தாகும்? நூலைத் தளரவிட்டாயா? நூல் தளர்ந்தால் முகம் சுருங்கித் தெரியும். கண்ணின் வெள்ளையில் மஞ்சள் என்கிறாய். அது சின்ன பல்பின் மஞ்சளா? காலையில் கொல்லைப்பக்கம் அம்மா தலை வாரும்போது வெயிலில் பார்த்துவிட்டு எழுது. நீ சொன்ன நிறத்தை ஒரு பலகையில் கலந்து பார்த்தேன். தமிழ்வாணன் எட்டிப் பார்த்துவிட்டு, "யாருமே இது? டாக்டராண்ட காட்னீங்களா?" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இரண்டே வரியானாலும் உடனே எழுது. அம்மாவுக்கு ஏதாவது என்றால் நான் வந்துவிடுவேன். யார் வெட்டினாலும் வெட்டட்டும்.

விஜி


படாளம்
20.10.2024, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நூல் தளர்ந்துவிட்டதுதான். என் தப்பு. சரியாகப் பிடித்துப் பார்த்தேன். ஆறு கட்டம். மஞ்சள், பல்பின் மஞ்சள்தான். வெயிலில் பார்த்தால் வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறது. கன்னம் வெல்லம் மாதிரி. நல்ல பழுப்பு வெல்லம்.

அம்மா நலம். வராதே. இதை மூன்று முறை படி. வராதே.

தீபாவளிக்கு மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

வேண்டா


மாமல்லபுரம்
24.11.2024

என் கண்ணு வேண்டாவுக்கு,

எல்லோரும் நலமா? தீபாவளிக்கு முன்னால் ஒரு கடிதம் போட்டேன். அதற்கும் பதில் இல்லை. தபால்காரர் கடை வாசலில் சைக்கிளை நிறுத்தினாலே நான் பிரஷைக் கீழே வைத்துவிடுகிறேன். "காதல் கடுதாசி வருதா இன்னா?" என்று தமிழ்வாணன் கிண்டல் செய்கிறார். தங்கச்சி என்றேன். அதற்குப் பிறகு கிண்டல் செய்வதில்லை. தபால்காரர் வந்ததும் அவரே ஓடிப்போய்க் கேட்கிறார்.

அண்ணன் கண்டுபிடித்துவிட்டானா? உன்னை அடித்தானா? ஜெனிட்டாவுக்கு ஏதாவது ஆபத்தா? ஒரு கார்டில் உன் கையெழுத்து மட்டும் இருந்தால்கூடப் போதும்.

அம்மா இன்னும் சாம்பலாகவே இருக்கிறாள். நெற்றிக்கும் கழுத்துக்கும் மட்டும் நிறம் ஏற்றியிருக்கிறேன். கன்னத்தைத் தொட மனசு வரவில்லை. வெல்லம் என்கிறாய். அதற்கு முன் நிழல் என்றாய். எது சரி? இன்னொரு முறை முழுதாக முகத்தைப் பார்த்து எழுது. அதை வைத்து முடித்துவிடுகிறேன்.

விஜி


படாளம்
8.12.2024, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மழை, புயல் என்று பள்ளியே இல்லை. ஏரி நிரம்பி ரோடெல்லாம் தண்ணீர். அதனால்தான் எழுத முடியவில்லை. நாளை மறுநாள் அரையாண்டுத் தேர்வு தொடங்குகிறது. அண்ணன் என்னை அடிக்கவில்லை. ஜெனிட்டாவும் நலம்.

நீ கேட்டபடி முகத்தைப் பார்த்து எழுதுகிறேன். முடி தொடங்கும் இடத்திலிருந்து முகவாய் வரை எட்டு வரிசை. ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னம் வரை ஆறு கட்டம். கண்கள் நாலாம் வரிசையில். வலது கண் கோட்டில் உட்கார்ந்திருக்கிறது. மூக்கு ஆறில் முடிகிறது. வாய் ஏழில். நெற்றியில் மூன்று கோடு. நடுக்கோடு பாதியில் அறுந்துபோகிறது. ஐந்தாம் வரிசையில், இடமிருந்து இரண்டாம் கட்டத்தில், ஒரு கொசுக்கடி. மிளகு அளவு. கன்னம் வெல்லம்.

படத்தைச் சீக்கிரம் முடித்துவிடு அக்கா. எனக்கு அதைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.

வேண்டா


மாமல்லபுரம்
22.12.2024

வேண்டா,

உன் கடிதத்தைப் பத்து முறை படித்தேன். பிறகு அரிசி டப்பாவைத் தூக்கி ஆகஸ்ட் மாதக் கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

எந்தக் கொசுக்கடி நாலு மாதம் இருக்கும்?

டீக்கறையை மச்சம் என்று மூன்று பூச்சுப் பூசியவள் நான். காப்பி அடித்தவளின் கை எனக்குத் தெரியாமல் போகுமா? நீ அம்மாவைப் பார்த்து இதை எழுதவில்லை. பழைய நோட்டைப் பார்த்து எழுதியிருக்கிறாய். ஏன் அம்மாவைப் பார்க்க முடியவில்லை? அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறாளா? பார்க்கச் சகிக்கவில்லையா? செங்கல்பட்டில் இருந்தது எல்லம்மாள் அத்தைதானா?

அதற்குமேல் என்னால் யோசிக்க முடியவில்லை. மாமா என் கையைப் பிடித்து, உன் பதில் வரும்வரையாவது பொறு என்று கெஞ்சுகிறார். அவருக்காகப் பொறுக்கிறேன். ஜனவரி மூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை வரைதான். அதற்குள் அம்மாவே ஒரு வரி சொல்லி நீ எழுதி அனுப்பினால் வரமாட்டேன். இல்லாவிட்டால் அன்று ராத்திரி, ஊர் அடங்கியதும் வருகிறேன். முன்வாசல் பக்கம் வரமாட்டேன். ஒரே ஒரு முறை அம்மா முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன். படம் அதுவரை சாம்பலாகவே இருக்கட்டும்.

விஜி


படாளம்
3.1.2025, இரவு

அக்கா,

இது உன் கைக்கு வராது என்று தெரிந்தே எழுதுகிறேன். உன் கடிதம் லீவு முழுக்க ஜெனிட்டாவிடம் இருந்தது. அவள் நம் தெருவுக்கு வர முடியாது. நான் அவள் தெருவுக்குப் போக முடியாது. இன்று பள்ளியில்தான் கொடுத்தாள். தேதியைப் பார்த்தேன். பிறகு ஒரு பாடமும் காதில் விழவில்லை. உன் நம்பரும் யாரிடமும் இல்லை. எழுதாதே என்று சொன்னவள் நான்தான். அண்ணன் ஏழு மணிக்கே வந்து முன்னறையில் படுத்துவிட்டான். ரோடு வரை போய் உன்னைத் திருப்பி அனுப்ப எனக்கு வழியில்லை. கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதனால் எழுதுகிறேன்.

இங்கே நலம் என்று இனி எழுத மாட்டேன்.

அம்மா நவம்பர் ஆறாம் தேதி விடியற்காலையில் போய்விட்டாள்.

எல்லம்மாள் அத்தைக்கு ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனது அம்மாவுக்காகத்தான். ஈரலில் கட்டி, முற்றிவிட்டது என்றார்கள். நாம் எழுதிக்கொள்வது அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. அன்று வீட்டுக்கு வந்ததும் என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். "அவளாண்ட சொல்லாத. சொன்னா ஓடியாந்துடுவா. வந்தா வெட்டிடுவானுங்க. எனக்கு ஒரு புள்ளையாவது நல்லா கீதுன்னு நெனச்சிகினு போறேன்" என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

இன்னொன்று உனக்குத் தெரிய வேண்டும். அம்மா தூங்கவில்லை அக்கா. ஒரு ராத்திரியும் தூங்கவில்லை. அக்டோபரில் ஒருநாள் நூலைக் கடித்துக்கொண்டு குனிந்தபோது, கண்ணைத் திறக்காமலே பேசினாள். "கட்டம் சரியா உழுதாடி? அசையாமதான் கீறேன், எழுதிக்கோ." நூல் என் வாயிலிருந்து விழுந்துவிட்டது. என் எச்சில் கையில் விழுந்த அன்றிலிருந்தே தெரியுமாம். இன்னாத்துக்கு இது என்று கேட்டாள். சொன்னேன். நீ முகம் வரையக் கற்றுக்கொள்வது, கிழவி, டீக்கறை எல்லாம் சொன்னேன். டீக்கறைக்குச் சிரித்தாள். சிரித்தால் வலிக்கும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு, "எத்தினி கட்டம் வருது இப்ப?" என்றாள். ஐந்து என்றேன். "ஆறுன்னே எழுது. நல்லா இருந்த மூஞ்சியே அவளாண்ட இருக்கட்டும்."

அதற்குப் பிறகு தினமும் படுக்கும் முன் முகம் கழுவி, என்னைத் தலை வாரிவிடச் சொல்லிவிட்டு, மல்லாந்து படுத்துக்கொள்வாள். வலியில் திரும்பிப் படுக்க வேண்டும்போல் இருக்கும். திரும்ப மாட்டாள். நான் தாளை எடுத்து வைத்த பிறகுதான் ஒருக்களிப்பாள். கடைசியில் நாலரைக் கட்டம்தான் இருந்தது. நான் ஆறு என்று எழுதினேன்.

அம்மா போன அன்று அண்ணன் மாரில் அடித்துக்கொண்டு அழுதான். யாராலும் பிடிக்க முடியவில்லை. அழுதுகொண்டே பெரியப்பா மகன்களைப் பஸ் நிறுத்தத்துக்கு அனுப்பினான். "கண்டிப்பா வருவா. பாத்துகினே இருங்கடா." எடுக்கும்வரை நாலு பேரும் நின்றார்கள். கருமாதி அன்றும் நின்றார்கள். ஒவ்வொரு பஸ்ஸும் நின்று கிளம்பும் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். நீ வரவில்லை. நான் சொல்லாததால் நீ வரவில்லை. அம்மாவுக்கு வாய்க்கரிசி போட உன்னை விடாமல் செய்தவள் நான்தான். அதற்கு நீ என்னை என்ன வேண்டுமானாலும் சொல். ஆனால் நீ இருக்கிறாய்.

படத்துக்கு மாலை போட வேண்டும் என்று ஆதார் கார்டில் இருந்த அம்மாவை மதுராந்தகத்தில் கொடுத்துப் பெரிதாக்கி வந்தார்கள். யாரோ ஒரு பொம்பளை. கண்ணே இல்லை. நேற்று ராத்திரி அண்ணன் அதன் முன்னால் நின்றுகொண்டு, "இது அம்மா மாதிரியே இல்லயே" என்றான். என்னிடம் சொன்னானா, தனக்குத்தானே சொன்னானா தெரியவில்லை. உன்னிடம் அம்மாவின் படம் இருப்பதைச் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பயந்துவிட்டேன்.

அக்கா, கன்னத்துக்கு வெல்லத்தையே போடு. அம்மா கேட்டது அதுதான். கொசுக்கடியை மட்டும் தள்ளிவிடாதே. அது கறை இல்லை. ஆகஸ்ட் மாதம் ஒரு ராத்திரி அது நிஜமாகவே அம்மாவின் கன்னத்தில் இருந்தது. அரித்திருக்கும். எனக்காகச் சொறியாமல் படுத்திருந்தாள். நீ அதை

பின்கதவில் சத்தம்.

யாரோ தட்டுகிறார்கள். மெதுவாக, இரண்டு முறை. நம் வீட்டு ஆட்கள் யாரும் இந்தக் கதவைத் தட்ட மாட்டார்கள். மறுபடி இரண்டு.

உலக்கையை எடுத்தால் சத்தம் வரும். முன்னறையில் கட்டில் முனகுகிறது. அண்ணன் இருமுகிறான். அக்கா, அண்ணனுக்கு முன்னால் நான் போய்